இரைப்பெட்டியைத் திறக்க முதல்

தண்ணீரூற்றில் பிறந்தவருக்கு மீன்பிடிக்கக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை என்றொரு நினைப்பு எங்களுக்கு உண்டு. ஊருக்குப் பேரே ஊற்றால் வந்தது. பக்கத்தில் கணுக்கேணிக் குளம். கொஞ்சம் தள்ளிப் போனால் தண்ணிமுறிப்பு, பஸ் ஏறினால் முத்தையன்கட்டு. அந்த நினைப்போடுதான் என் மருமகன், சோதனை முடிந்த லீவில், கணினியில் ஒரு மீன்பிடி விளையாட்டைத் தொடங்கினான். தூண்டிலில் பாண் உருண்டையைக் குத்தி, ரஷ்யாவின் லடோகா ஏரியில் வைட்ஃபிஷ் பிடிக்கக் குந்தினான். திரையில் அரை மணித்தியாலமாக மிதப்பு அசையவில்லை.

"மாமா, எங்கட குளத்தில பாண் போட்டா உடன கொத்துது. இதில ஒண்டும் கடிக்குதில்லை."

"அந்த மீன் என்ன தின்னுமெண்டு பாத்தனியோ?"

"இல்லை."

பிழை அங்கேதான். இரைப்பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்க முதல் மீனின் வாய் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு ஒழுங்கு பிடிபட்டால் லடோகாவிலும் கணுக்கேணியிலும் இரையைத் தெரிவுசெய்வது ஒரே வேலைதான். அதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

வைட்ஃபிஷ் எந்த மீன்?

பேரில் ஒரு குழப்பம் இருக்கிறது. வெளிநாட்டுச் சமையலில் வைட்ஃபிஷ் என்றால் கொட், ஹடொக் போன்ற வெள்ளைத் தசை உள்ள கடல்மீன்கள். விளையாட்டில் வருவது வேறு. அது சாமன் குடும்பத்தில் கொரிகோனஸ் என்னும் பேரினம். 'வெண்மீன்' என்று தமிழாக்கலாம்தான், ஆனால் பட்டினப்பாலைக் காலத்திலிருந்தே வெண்மீன் என்றால் வானத்து வெள்ளிக்கோள். ஆகவே வைட்ஃபிஷ் என்றே வைத்துக்கொள்வோம்.

வெள்ளிச் செதில், பிளவுபட்ட வால், முதுகுத் துடுப்புக்குப் பின்னால் சின்னதாக ஒரு சதைத் துடுப்பு. இதுதான் அதன் அடையாளம். லடோகாவிலும் பின்லாந்தின் ஏரிகளிலும் வட அமெரிக்காவின் பேரேரிகளிலும் வாழ்கிறது. பைக்கால் ஏரியின் பேர்பெற்ற ஓமுல் மீனும் இதன் உறவுதான். எல்லாம் குளிர்நாட்டு ஏரிகள். காரணம் மூச்சு. 0 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். வன்னிக் குளத்துத் தண்ணீர் பெரும்பாலும் அந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது. வைட்ஃபிஷுக்கு இங்கே வாழ்வில்லை. எங்கள் பிள்ளைகள் அதைப் பிடிப்பதென்றால் 'ரஷ்யன் ஃபிஷிங் 4' போன்ற விளையாட்டில்தான் பிடிக்கலாம்.

இந்த வகை விளையாட்டுகளில் ஒவ்வொரு மீனுக்கும் அதற்குப் பிடித்த இரை, நிற்கும் ஆழம், மேயும் நேரம், வாய்க்கு ஏற்ற முள் என்று கணக்கு எழுதி வைத்திருப்பார்கள். உண்மையான மீனின் பழக்கத்தைப் பார்த்து எழுதப்படுவதால், மீனைப் படித்தால் விளையாட்டின் கணக்கும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

முதலில் வாய்

வைட்ஃபிஷின் வாய் சின்னது. மூக்கு முன்தள்ளி நிற்க, வாய் அதற்குக் கீழே ஒதுங்கி இருக்கும். வாய் கீழ்நோக்கி இருந்தால் அந்த மீன் தரையில் மேய்கிறது என்று பொருள். ஏரியின் அடிச்சேற்றிலும் கல்லிடுக்கிலும் இருக்கும் பூச்சிப் புழுக்கள், குட்டி நத்தைகள், சிப்பிகள், கூனியைப்போன்ற சிறு உயிர்கள், மற்ற மீன்களின் முட்டைகள் எல்லாம் அதன் சாப்பாடு. இவற்றில் முக்கியமானது நுளம்பைப் போலிருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் சிவப்புப் புழு. சேற்றுக்குள் ஒட்சிசன் குறைவு. அதைத் தாங்க அந்தப் புழுவின் உடலில் எங்கள் இரத்தத்தில் உள்ளதுபோன்ற சிவப்புப் பொருள் ஓடுகிறது. ஆங்கிலத்தில் அதை இரத்தப்புழு என்ற கருத்தில்தான் சொல்வார்கள். விளையாட்டின் இரைப்பட்டியலில் அந்தப் பேரைக் கண்டால் வைட்ஃபிஷுக்கு முதலில் அதைப் போடுங்கள். அடுத்தது ஈப்புழு, மண்புழுத் துண்டு, மீன்முட்டை.

எல்லா வைட்ஃபிஷும் தரையில் மேய்வதில்லை. சில வகைகள் நடுநீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும். செவுளின் உட்பக்கத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அங்கே சீப்புப் பற்களைப்போல ஒரு வரிசை இருக்கும். பற்கள் நெருக்கமாகவும் நுண்ணியதாகவும் இருந்தால் அது வடித்துத் தின்னும் வகை. ஐதாகவும் கட்டையாகவும் இருந்தால் தரையில் பொறுக்கித் தின்னும் வகை. விளையாட்டில் ஒரே ஏரியில் இரண்டு மூன்று பேரில் வைட்ஃபிஷ் இருந்தால், ஒன்றுக்குக் கொத்துப்பட்ட இரை மற்றதற்கும் படும் என்று நம்பிவிட வேண்டாம்.

இதே வாய்க்கணக்கு எங்கள் குளங்களிலும் உண்டு. நக்டா என்று நாங்கள் சொல்லும் அரச அதிகாரசபை குளங்களில் விடும் கெண்டைக் குஞ்சுகளைப் பாருங்கள். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும். அது மேல்நீரில் மேய்கிறது. ரோகுவின் உதட்டில் குஞ்சம்போல் ஒரு ஓரம் இருக்கும். அது நடுநீரில் மேய்கிறது. மிரிகாலின் வாய் கீழ்நோக்கியது, அதற்குச் சேறுதான் சாப்பாட்டு மேசை. இந்த மூன்றையும் ஒரே குளத்தில் சேர்த்து வளர்ப்பதே ஒன்றின் சாப்பாட்டில் மற்றது கைவைக்காது என்பதால்தான். மிரிகாலுக்கு மேல்நீரில் இரையைத் தொங்கவிடுவது, பந்தி முடிந்த வீட்டுக்குச் சாப்பிடப் போவதைப் போன்றது.

ஜப்பான் மீனும் பாணும்

மருமகனுக்குப் பாணில் நம்பிக்கை வந்தது ஜப்பான் மீனால். பேர் ஜப்பான் என்றாலும் அது ஆபிரிக்காவின் திலாப்பியா. மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இலங்கை நீர்நிலைகளில் விடப்பட்டது. நைல் திலாப்பியா அதற்குப் பிறகு வந்தது. இரண்டும் கலந்த வம்சங்களும் இன்று குளங்களில் உண்டு. வன்னியில் குளத்து மீன் என்று சொன்னால் பலருக்கு முதலில் கண்ணில் வருவது இதுதான்.

ஜப்பான் மீன் பாசியையும் அடியில் படியும் அழுகலையும் தின்னும். பூச்சி, புழு கிடைத்தால் அதையும் விடாது. இதன் வயிற்றில் ஊறும் அமிலம் மிகக் கடுமையானது, பாசியின் சுவரையே உடைத்துவிடும். ஆகவேதான் மற்ற மீன்கள் தொடாத பாசியில் இது கொழுக்கிறது. இப்படி மரக்கறியில் பழகிய மீனுக்கு மா உருண்டை ஒன்றும் அந்நியமான சாப்பாடில்லை. பாண், கோதுமை மா, அவித்த சோறு, பச்சைப்பாசி, மண்புழு எல்லாமே எடுபடும். பாணை நனைத்துப் பிழிந்து, கொஞ்சம் மா சேர்த்துப் பிசைந்தால் முள்ளிலிருந்து கழராது. உருண்டை கடலைப் பருமனுக்கு மேல் வேண்டாம். பெரிய உருண்டையை இது ஓரமாகக் கொறித்துக் கரைத்துவிட்டுப் போய்விடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜப்பான் மீனின் ஆண் கரையோரச் சேற்றில் கிண்ணம்போலக் குழி தோண்டிக் காவல் நிற்கும். பெண் அங்கே முட்டையிட்டு, முட்டைகளை வாய்க்குள் அள்ளிக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரிக்கும்வரை அது ஏறக்குறைய உபவாசம். அந்த நாட்களில் அதற்கு எந்த இரையும் இரையில்லை. குழிக்குள் விழும் பொருளை ஆண் கவ்வுவதும் பசியால் அல்ல, முற்றத்தில் விழுந்த குப்பையை அகற்றுகிற வேலை அது. மீன் கொத்தினால் பசி என்று மட்டும் கணக்குப் போட்டால் பிழைக்கும்.

இரையா, பொய்யிரையா?

இரை மணத்தாலும் ருசியாலும் அழைக்கும். பொய்யிரை, கடையில் 'லூர்' என்று கேட்டால் தருவது, அசைவாலும் மினுக்கத்தாலும் ஏமாற்றும். எதைப் போடுவது என்பதை மீனின் தொழில்தான் தீர்மானிக்கும். பொறுக்கித் தின்னும் மீனுக்கு இரை. துரத்திப் பிடிக்கும் மீனுக்குப் பொய்யிரை.

எங்கள் பக்கத்தில் பொய்யிரைக்கு ஏற்ற மீன் விரால். அல்லி இலைக்கும் தாமரைத் தண்டுக்கும் நடுவே மரக்கட்டைபோல நின்று, தவளையோ மீன்குஞ்சோ தாண்டும்போது பாயும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு என்பதால் இடைக்கிடை மேலே வந்து மூச்செடுக்கும். அந்தக் குமிழைக் கண்டு வைத்திருப்பவருக்குத் தூண்டிலை எங்கே எறிவது என்று சொல்லத் தேவையில்லை. விராலுக்கு ரப்பர்த் தவளைப் பொம்மை நல்லது. இலைமேல் விழுந்து, இழுக்க இழுக்கத் தத்தித் தத்தி வரவேண்டும். முள் பொம்மையின் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் தண்டில் மாட்டாது. உயிர்த்தவளையைக் குத்துவது பழைய வழக்கம். பொம்மை கிடைக்கும் காலத்தில் அந்தப் பாவம் தேவையில்லை.

வைட்ஃபிஷ் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பொறுக்கித் தின்னும் மீன்தான், ஆனால் சின்னப் பொய்யிரையையும் எடுக்கும். குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் துளையிட்டு, விரல்நகம் அளவான ஜிக் ஒன்றை அடியில் தட்டி, சேறு கிளம்ப வைத்துப் பிடிக்கிறார்கள். ஜிக் என்றால் ஈயத் தலையோடு வார்த்த முள். அது சேற்றில் தட்டும்போது ஏதோ ஒரு புழு அசைகிறது என்று மீன் நினைத்துக்கொள்ளும். பெரிய தகடுகளையும் மீன் பொம்மைகளையும் போட்டால் அந்த ஏரியில் பைக் போன்ற கொன்றுதின்னிகள்தான் வரும். விளையாட்டிலும் அப்படியே. வைட்ஃபிஷுக்குப் போட்ட பொய்யிரையில் வேறு மீன்களே வந்துகொண்டிருந்தால் அளவைக் குறையுங்கள், நிறத்தை மாற்றுவதெல்லாம் பிறகு.

முள்ளும் தங்கூசியும்

முள்ளின் இலக்கம் தலைகீழ்க் கணக்கு. இலக்கம் ஏற ஏற முள் சிறுக்கும். 14ஆம் இலக்கம் 8ஐ விடச் சின்னது. 1க்குப் பிறகு 1/0, 2/0 என்று எழுதும்போதுதான் எண்ணோடு முள்ளும் பெருக்கும். வைட்ஃபிஷுக்கு 10 முதல் 14 வரை பொருந்தும். ஜப்பான் மீனுக்கு 8 முதல் 12 வரை. விராலுக்கு 1/0இலிருந்து மேலே போகலாம். சின்ன வாய்க்குப் பெரிய முள்ளைப் போட்டால் இரை மட்டும் போகும், மீன் வராது.

வைட்ஃபிஷின் வாய் மென்மையானது, வெடுக்கென்று இழுத்தால் கிழியும். ஆகவே மெல்லிய தங்கூசி, வளைந்து கொடுக்கும் தடி, மெதுவான இழுவை. விளையாட்டில் மீன் கரைக்கு வரும்வரை வந்து கழன்றுபோகிறது என்றால் பெரும்பாலும் இரையில் பிழை இராது. கைதான் அவசரப்படுகிறது. விராலின் வாய் இதற்கு நேர்மாறு, எலும்பு. பொம்மையைக் கவ்வியதும் ஒரு மூச்சு பொறுத்து, பிறகு பலமாக இழுத்து முள்ளை ஏற்ற வேண்டும்.

ஆழம், நேரம், தண்ணீரின் நிறம்

சரியான இரை பிழையான ஆழத்தில் தொங்கினால் அது இரையில்லை. கோடையில் வைட்ஃபிஷ் குளிரைத் தேடி ஆழத்துக்கு இறங்கும். இலையுதிர் காலத்தின் கடைசியில் முட்டையிடக் கல்லுத் தரையுள்ள ஆழமற்ற பகுதிக்கு ஏறும். விளையாட்டில் தண்ணீரின் வெப்பநிலை காட்டப்பட்டால் அதை முதலில் பாருங்கள். மிதப்புக்குக் கீழே தங்கூசியை, இரை தரையைத் தொடும் அளவுக்கு விடுங்கள்.

எங்கள் குளங்களில் நேரத்தின் கணக்கு வேறு. பாசியும் நீர்ச்செடியும் மண்டிய குளத்தில் இரவு முழுக்கச் செடியும் மீனும் ஒட்சிசனை எடுத்து முடித்துவிடும். விடிய முன்தான் தண்ணீரில் ஒட்சிசன் ஆகக் குறைந்த நேரம். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று நினைக்கக்கூடாது, மூச்சுத் திணறல். வெயில் ஏறி, செடி மறுபடி ஒட்சிசனை விடத் தொடங்கிய பிறகுதான் ஜப்பான் மீன் ஒழுங்காக மேயும். ஆகவே அதற்குப் பகல் நல்லது. காற்றைச் சுவாசிக்கும் விராலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அது விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் வேட்டைக்கு நிற்கும்.

நிறத்துக்கு ஒரு விதி போதும். தண்ணீருக்குள் இறங்க இறங்க முதலில் அழியும் நிறம் சிவப்பு. ஆழத்தில் சிவப்புப் பொய்யிரை கறுப்பாகத்தான் தெரியும். தெளிந்த நீரில் வெள்ளி, வெளிர் நிறங்கள், சின்ன அளவு. மாரியில் ஆற்றுநீர் செம்மண்ணோடு வந்து குளம் கலங்கியிருக்கும் நாட்களில் மீனின் கண்ணை நம்பிப் பயனில்லை. அதன் உடலின் இரு பக்கத்திலும் ஓடும் கோடு தண்ணீரின் அதிர்வை உணரும். அந்த நாட்களில் தண்ணீரை அடித்து அதிர வைக்கும் பொய்யிரை, இல்லாவிட்டால் மணமுள்ள இரை. மண்புழுவும் இறாலும் கலங்கல் நீரில் பாணை வெல்வது இதனால்தான்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

கொத்துப்படவில்லை என்றால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவதுதான் புதியவர்கள் விடும் தவறு. இரை, ஆழம், இடம், முள் நான்கையும் மாற்றி ஒரு மீன் பிடித்தால், எது பிடித்தது என்று தெரியாமலே வீட்டுக்குப் போவீர்கள். முதலில் ஆழத்தை மாற்றுங்கள், அதற்குச் செலவில்லை. பிறகு இரையின் அளவு. பிறகு இரையின் வகை. இடத்தைக் கடைசியில் மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கால் மணித்தியாலமாவது கொடுங்கள். விளையாட்டில் ஒரு கொப்பி வைத்து எழுதிக்கொண்டால் ஒரு கிழமையில் உங்களிடம் ஒரு நல்ல அட்டவணை இருக்கும்.

எழுதிய அட்டவணையையும் காலத்துக்குக் காலம் திருத்த வேண்டும். வட அமெரிக்காவின் பேரேரிகளில் வைட்ஃபிஷின் முதன்மைச் சாப்பாடு டிபொரியா என்னும் கூனிபோன்ற சிறு உயிராக இருந்தது. வெளியிலிருந்து வந்த வரிச்சிப்பிகள் ஏரியில் பெருகிய 1990களில் டிபொரியா அருகத் தொடங்கியது. வைட்ஃபிஷ் அந்தச் சிப்பிகளையே தின்னப் பழகியது, உடலும் மெலிந்தது. மீனின் பேர் மாறவில்லை, சாப்பாடு மாறிவிட்டது. எங்கள் பக்கத்திலும் குளம் வான்பாயும் மாதத்தில் ஓடும் சாப்பாடும், கோடையில் குளம் வற்றி அலைகரை வெடித்துக் கிடக்கும் மாதத்தில் உள்ள சாப்பாடும் ஒன்றில்லை.

விளையாட்டில் இல்லாதவை

திரையில் பழகிய பிள்ளை குளத்துக்கு இறங்க முதல் சில விஷயங்களைச் சொல்லி அனுப்புங்கள். வன்னிக் குளங்களில் முதலை உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் போடக்கூடாது, கொழுவிய தூண்டிலை எடுக்கத் தாமரைக்குள் இறங்கவும் கூடாது. வெடிபொருள் எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் ஒற்றையடிப் பாதை தெரிந்தாலும் போகவேண்டாம். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் ஏறுகிறது. பல குளங்களில் நன்னீர் மீனவர் சங்கம் இருக்கிறது. குஞ்சு விட்டு, காவல் காத்து, அதில் பிழைக்கிறவர்கள் அவர்கள். தூண்டில் போட முதல் அவர்களிடம் ஒரு சொல் கேட்பது மரியாதை.

செம்மஞ்சள் நிறத்தில் மீன்குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து கொதிப்பதுபோல் தெரிந்தால், அடியில் தாய் விராலும் தகப்பன் விராலும் காவல் நிற்கின்றன என்று பொருள். அங்கே பொம்மைத் தவளையை எறிந்தால் கட்டாயம் அடிக்கும். அடித்து நீங்கள் எடுத்துக்கொண்டால் மேலே கொதிக்கும் அத்தனையும் மற்ற மீனுக்கு இரை. அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போய் எறியுங்கள்.

மருமகன் பாணை எடுத்துவிட்டு, 12ஆம் இலக்க முள்ளில் சிவப்புப் புழுவைக் குத்தி, தரையைத் தொட விட்டான். அன்று பொழுதுபட முன் அவனுடைய திரைக்கூடையில் இரண்டு வைட்ஃபிஷ் கிடந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணுக்கேணியில் பிடித்த ஜப்பான் மீனை வீட்டில் வெட்டும்போது குடலை வீசவிடாமல் தடுத்து, அவனுக்குக் காட்டினேன். சுருள் சுருளாக, மீனின் நீளத்தைப்போலப் பல மடங்கு நீளமான குடல், உள்ளே கரும்பச்சையாகப் பாசி. நீங்களும் அடுத்த முறை பிடிக்கும் முதல் மீனின் குடலை ஒருமுறை கீறிப் பாருங்கள். நாளைக்கு என்ன இரை கொண்டு போவது என்று அது சொல்லிவிடும்.